பசியாறிட்டுத்தான் வந்தோம்

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த கோயில்காரர்கள் ஒருவருக்கும் பசித்ததே கிடையாது.

வருவார்கள். பாயில் உட்காருவார்கள். பாடுவார்கள், ஜெபிப்பார்கள், அம்மாவின் தோளைத் தட்டிக் கொடுப்பார்கள். அம்மா கோப்பிக்குத் தண்ணீர் வைக்க எழுந்தால் போதும், எல்லாரும் ஒரே குரலில், "ஐயையோ, ஒண்ணும் வேணாம், இப்பத்தான் பசியாறிட்டு வந்தோம்" என்பார்கள். காலையில் வந்தாலும் அதே பேச்சு, சாயங்காலம் வந்தாலும் அதே பேச்சு. எங்கள் ஊரில் 'பசியாறிட்டியா' என்பதுதான் வணக்கம், அதுதான் நலம் விசாரிப்பது. 'ஆச்சு' என்று பதில் வந்தாலும் ஒரு குவளைக் கோப்பியை நீட்டாமல் விடமாட்டோம். வந்தவரும் ஒரு வாய் குடிக்காமல் எழுந்திருக்கமாட்டார். இது ஊருக்கெல்லாம் உள்ள வழக்கம். எங்கள் வாசலில் மட்டும் அந்த வழக்கம் செருப்போடு வெளியே நின்றுவிடும்.

போன மாதம் வேதக்கோயில் வாலிபர் பிள்ளைகள் சிலர் வந்து, "பாட்டி, அந்தப் பழைய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிற ஏழைகளுக்குச் சபை என்ன செய்யலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்கள். அரிசி கொடுக்கலாமா, புத்தகப் பை கொடுக்கலாமா என்று யோசனை வேறு. "முதலில் போய் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்" என்றேன். பாட்டி ஏதோ உளறுகிறாள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் பிள்ளைகளிடம் கத்தி என்ன ஆகப் போகிறது? உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன்.

நான் மலாக்காவில், காஜா பெராங்கில், டவுன் கவுன்சில் கூலிகளின் வரிசை வீடுகளில், லயத்தில், வளர்ந்தவள். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் அம்மா கையில் துடைப்பத்தை எடுத்தாள். விடியுமுன் டவுன் ரோடுகளை, எங்கள் பேச்சில் சடக்குகளை, கூட்டி, சாக்கடை தள்ளி, குளித்துவிட்டு வந்தாளென்றால் அடுத்த வேலை அடுப்பு. அம்மாவின் கைமணம் லயம் முழுக்கப் பிரசித்தம். லயத்தில் இந்துக்கள் வீட்டுக் கல்யாணமா, காதுகுத்தா, அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்துச் சிட்டிக் கம்பத்திலிருந்து, தலைமுறைகளாக அங்கே இருக்கும் தமிழ்ச் செட்டிகளின் கிராமத்திலிருந்து, ஒரு அம்மாள் வருவாள். சாரோங்கும் கெபாயாவும் கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருப்பாள். தமிழ் பேச வராது; அவர்கள் பேச்செல்லாம் மலாய்தான். எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே "சுடா மாக்கான்?" என்பாள். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். அம்மா "பெலும்" என்று சிரிப்பாள். இன்னும் இல்லை என்று சொல்ல அம்மா அவளிடம் வெட்கப்பட்டதே கிடையாது. உடனே அவள் இடுப்பில் மடித்துக் கொண்டுவந்த எதையாவது எடுத்து வைப்பாள், அம்மா எதையாவது எடுத்து வைப்பாள், இரண்டு பேரும் தின்றுகொண்டே ஊர் வம்பு பேசுவார்கள். அம்மா கர்த்தரைக் கும்பிடுகிறவள், அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அந்தச் சாப்பாட்டுக்கு நடுவில் சாமிகள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

கோயிலில்தான் அம்மாவின் கைக்கு வேலை இல்லை.

எங்கள் தமிழ்க் கோயில் பெரிய கோயில் அல்ல. ஆபீஸ் கிராணிமார், வாத்தியார்மார், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் குடும்பம், இப்படி வெள்ளைச் சட்டைக்காரர்கள் முன்பெஞ்சுகளில். லயத்து ஆட்கள் நாங்கள் கதவோரம். யாரும் எங்களை அங்கே உட்காரச் சொல்லவில்லை, நாங்களே உட்கார்ந்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமையும் சடக்குக் கூட்டவேண்டும் அல்லவா? வேலை முடிந்து, குளித்து, ஓடி வருவதற்குள் பாதி ஆராதனை போயிருக்கும். பிந்தி வருகிறவர்கள் முன்னால் நடந்து போக முடியுமா? அதற்கு ஒரு பெயர் வேறு வைத்திருந்தார்கள்: 'லயத்து ஆளுங்களுக்குப் பக்தி கொஞ்சம் கம்மி.'

கெட்ட மனிதர்கள் என்று சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸ் வந்தால் அரிசி, சீனி, பால்டின், ஒரு துண்டுத் துணி எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வெளியே மாமரத்தடியில் வரிசையாக நின்று வாங்கவேண்டும். உள்ளே பாட்டுப் பயிற்சி நடக்கும். எனக்கு உடம்பெல்லாம் எரியும். "ஏம்மா இதுக்குப் போய் நிக்கிற?" என்று சண்டை போடுவேன். "ஏண்டி, குடுக்கிறவங்களுக்கும் ஒரு சந்தோஷம் வேணாமா? நாம போகலன்னா அவங்க யாருக்குக் குடுப்பாங்க, பாவம்" என்பாள். கேலியா, நிஜமா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வருஷத்துக்கு ஒரு தரம் அன்பின் விருந்து என்று ஒன்று உண்டு. ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து மேசையில் வைத்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது. முந்தின ஞாயிறே அறிவிப்பு வரும்: "லயத்துச் சகோதரிகள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், வந்து சாப்பிட்டால் போதும்." எவ்வளவு கருணை பாருங்கள். ஒரு வருஷம் அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரு சட்டி கத்திரிக்காய்க் குழம்பு வைத்து எடுத்துப் போனாள். எண்ணெயில் வதக்கி, புளி கரைத்து விட்டு, எண்ணெய் மேலே மிதக்க இறக்குவாள். அதைத் தின்பதற்கென்றே லயத்தில் உறவு கொண்டாடி வருகிறவர்கள் உண்டு. மாதர் சங்கத் தலைவியான டிரெஸ்ஸரின் மனைவி, டிரெஸ்ஸர் அம்மாள்தான் சட்டியை வாங்கி மேசையின் கடைசியில் வைத்தாள். மூடி மூடியபடியே இருந்தது. விருந்து முடிந்ததும் சட்டியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

சட்டி கனத்தது. அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. காஜா பெராங் வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அந்தக் கத்திரிக்காயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அது இரக்கமா, இல்லை ஜாதியா? ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஏழைக்கு ஏன் செலவும் கஷ்டமும் கொடுக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தவர்கள் உண்டு. துடைப்பம் பிடித்த கை என்று கூசியவர்களும் உண்டு. கஷ்டம் என்னவென்றால் இரண்டு பேரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள், 'பசியாறிட்டுத்தான் வந்தோம்' என்று. கேட்கிற எங்களுக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

மலாயா சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் ஒரு புதுப் போதகர் வந்தார். ஒல்லியான ஆள். சின்னப் பிரசங்கம் செய்வார். ஆரம்பித்தாரா, முடித்தாரா என்று தெரிவதற்குள் 'ஆமென்' வந்துவிடும். அதற்காகவே சபைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் மனைவியைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்தார். அந்த அம்மாள் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவள், மாசமாக இருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

அவரும் எல்லாரையும்போல்தான் ஆரம்பித்தார். "அம்மா, உங்களுக்கு என்ன தேவைன்னு சொல்லுங்க. சபையால முடிஞ்சதச் செய்யறோம்."

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. உங்க ஜெபம் போதும்" என்றாள் அம்மா. இதுவும் வழக்கமான பேச்சுதான். தேவை என்னவென்று கேட்டு வருகிறவர்களுக்கென்று அம்மா வைத்திருந்த பதில்.

அம்மா கோப்பிக்கு எழுந்தாள். போதகர் கையைத் தூக்கி, "ஐயோ வேணாம்மா, நாங்க இப்பத்தான்..." என்று தொடங்கினார். எனக்கு நாக்கு துடித்தது. அதற்குள் அவர் மனைவி மூக்கை உயர்த்தி, "அக்கா, அது என்ன வாசம்?" என்றாள்.

"கருவாட்டுக் குழம்பும்மா. எங்களுக்கு."

"எனக்குக் கொஞ்சம் குடுப்பீங்களா?"

போதகர் சங்கடப்பட்டு, "இப்பத்தானே சாப்பிட்டோம்?" என்று மெல்லச் சொன்னார்.

"நீங்க சாப்பிட்டீங்க. நான் வாந்தி எடுத்தேன்" என்றாள் அவள்.

அம்மா அடுப்பங்கரைக்குப் போன வேகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பீங்கான் தட்டில் சோறு, அதன்மேல் குழம்பு. அந்தப் பெண் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் தின்றாள். இரண்டாம் தரம் அவளே தட்டை நீட்டினாள். மசக்கைக்கு ஜாதி தெரியுமா, சபை தெரியுமா? அம்மா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தாள். போதகர் சும்மா இருக்க முடியாமல், "எனக்கும் கொஞ்சம் வைங்கம்மா" என்றார்.

அவர்கள் தின்னத் தின்ன அம்மா பேசினாள். யாரும் கேட்காமலே பேசினாள். சடக்கு வேலை முடிகிற நேரம், ஆராதனை தொடங்குகிற நேரம், கதவோரப் பெஞ்சு, பக்திக் கம்மி, மாமரத்தடி வரிசை, கத்திரிக்காய்ச் சட்டி, எல்லாம் வந்தது. அப்பாவைப் பற்றிக்கூடப் பேசினாள், என்னிடமே பேசாதவள். என்ன தேவை என்று கேட்டபோது வாய் திறக்காதவள், சோறு போட்டுக்கொண்டே மனதைக் கொட்டிவிட்டாள். போதகர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, வாயில் சோறு இருந்தது. நல்லதாய்ப் போயிற்று.

அடுத்த மாதம் ஆராதனை நேரத்தை ஒரு மணி தள்ளி வைத்தார்கள். வெயில் ஏறிவிடும் என்று முன்பெஞ்சில் கொஞ்சம் முணுமுணுப்பு. லயத்துக்காரர்கள் முதல் பாட்டிலிருந்தே கோயிலில் இருந்தோம். எங்கள் பக்தி ஒரே வாரத்தில் கூடிவிட்டது.

பிறகு சுதந்திரம் வந்தது. பட்டாசு, விளக்கு, ஊரெல்லாம் காகிதக் கொடி. அந்த வருஷக் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நான் சீனன் தையல்கடையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன்; மாப்பிள்ளை செமாபோக்கில் ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், லோரி ஓட்டுகிறவர். எங்கள் சபைதான். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். எனக்கு நேர் எதிர்.

செய்தி தெரிந்ததும் டிரெஸ்ஸர் அம்மாள் இன்னும் இரண்டு பேரோடு வந்தாள். கைநிறைய நல்ல மனதோடுதான் வந்தாள், அதைச் சொல்லாவிட்டால் பாவம். "ஒண்ணுக்கும் கஷ்டப்படாதீங்க. கோயில் மண்டபத்திலயே கேக்கு, சென்விச், தேத்தண்ணி எல்லாம் மாதர் சங்கம் ஏற்பாடு பண்ணிடும். நீங்க பொண்ணக் கூட்டிட்டு வந்தா மட்டும் போதும்" என்றாள்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, "கல்யாணம் கோயில்லங்க. சாப்பாடு என் வாசல்ல" என்றாள்.

"அத்தன பேருக்கு யாரு சமைக்கிறது?"

"நான்தான்."

டிரெஸ்ஸர் அம்மாள் மற்ற இருவரையும் பார்த்தாள். "சரி, பாக்கலாம்" என்றாள். எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கோப்பி வைக்கட்டுமா என்று அம்மா கேட்டாள். பசியாறிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

அவர்கள் போனதும் அம்மா என்னிடம் சொன்னாள்: "இங்க பாரு. இந்தச் சபை என் கையால ஒரு வாய் தின்னணும். தின்னலன்னா, உன் கல்யாணத்தோட சரி, நான் இனிமே அந்தக் கோயில் படி ஏறமாட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா போன பிறகு அம்மாவைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது அந்தக் கோயில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவள், பாட்டெல்லாம் மனப்பாடம். துடைப்பம் போடுகிற தாளத்துக்கு ஞானப்பாட்டுதான் பாடுவாள். அந்தக் கோயில் இல்லாமல் அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே போவாள்? "வரமாட்டாங்கம்மா!" என்று கத்தினேன். "வந்தாலும் பந்தல்ல நின்னு கும்புடு போட்டுட்டு, பசியாறிட்டோம்னு போயிருவாங்க. ஏன் இப்படி வீம்பு? கேக்கத் தின்னுட்டுப் போகட்டுமே!"

"உனக்குத் தெரியாதுடி. வாங்கிக்கிட்டே மட்டும் இருந்தா ஒறவு வராது" என்றாள். நாலு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

போதகரிடமும் அம்மா சொல்லிவிட்டாள். "ஐயா, நீங்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கட்டாயச் சோறு செரிக்காது." அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

லயமே கல்யாண வேலையில் இறங்கியது. செங்கிலிருந்து ஒரு உறவுக்காரர் வாழையிலைக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். உஜோங் பாசிர் மீன்காரர் நெத்திலியும் இறாலும் கொண்டுவந்தார். பெரிய சட்டிகள் சிட்டிக் கம்பத்து அம்மாளுடையவை. சுதந்திரத்துக்குக் கட்டி மிஞ்சிய காகிதக் கொடிகளை லயத்துப் பெண்கள் பந்தலைச் சுற்றித் தொங்கவிட்டார்கள். நாடே நமக்கு வந்துவிட்டது, இந்த மாதர் சங்கம் வருமா வராதா என்று எல்லாருக்கும் ஒரே கேலி. அம்மா சிரிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் உபவாச ஜெபத்தில் இருந்தாள். பச்சைத்தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை; சபை சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவதாகப் பொருத்தனை.

"சமைக்கிறவ பட்டினி கிடந்தா ருசி யார் பாக்கிறது?" என்று கேட்டேன்.

"என் கைக்கு ருசி தெரியும், நீ போய்த் தலைய சீவு" என்றாள். ஆட்டுக்கறியைச் சிட்டிக் கம்பத்து அம்மாள் ருசி பார்த்து, சரி என்று தலையாட்டினாள். கடைசியாக அடுப்பில் ஏறியது கத்திரிக்காய். அதே கத்திரிக்காய்க் குழம்பு. அது இறங்கும்போது கோயிலுக்கு நேரமாகிவிட்டது, எல்லாரும் ஓடினோம்.

காலை பத்து மணிக்குக் கல்யாணம். சபை முழுவதும் வந்திருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. பட்டுச் சேலைகளும் கஞ்சி போட்ட சட்டைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். சின்னப் பிரசங்கக்காரர்தானே என்று நானும் நிம்மதியாக நின்றேன்.

மனிதர் நிறுத்தவேயில்லை.

அதுவும் எதைப் பற்றி? விருந்தைப் பற்றி. கூடார வாசலில் அந்நியருக்குக் கன்றுக்குட்டி அடித்துச் சமைத்தவர்களிடம் போனார். கடைசிப் பிடி மாவில் அடை சுட்டுக் கொடுத்த விதவையிடம் போனார். கடற்கரையில் சுட்ட மீனுக்குப் போனார். கல்யாண வீட்டில் பந்தி நடுவே திராட்சரசம் தீர்ந்துபோன இடத்தில் உட்கார்ந்தே விட்டார். வேதத்தில் சாப்பாடு வருகிற இடம் ஒன்றையும் விடவில்லை. கன்று எப்படி வெந்திருக்கும், அடை எப்படி மணத்திருக்கும் என்று வர்ணனை வேறு. வெயில் ஏறியது. விசிறிகள் ஆடின. பிள்ளைகள் அழுதன. டிரெஸ்ஸர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் கைக்குட்டையைப் பிழிந்தார். என் முக்காட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. பக்கத்தில் மாப்பிள்ளையின் வயிறு சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அவர் உதடு அசையாமல், "இவரு நம்ம கல்யாணத்த மட்டும் முடிப்பாரா, இல்ல நம்ம பிள்ளைக்கு ஞானஸ்நானமும் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு விடுவாரா?" என்றார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தாலி ஏறி, ஆசீர்வாதம் முடியும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. போதகர் அங்கி கழற்றாமலே வாசலில் நின்று, "யாரும் வீட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டாம், வாகனம் தயார்" என்றார். மாப்பிள்ளையின் லோரி பெஞ்சுகளோடு நின்றது. டிரெஸ்ஸர் அம்மாளைப் பட்டுச் சேலையோடு நாலு பேர் மேலே ஏற்றிவிட்டதை நினைத்து இன்றைக்கும் நான் தனியாகச் சிரிப்பதுண்டு. அன்றைக்கு ஏன் அவ்வளவு நீளம் என்று பிற்காலத்தில் எத்தனையோ தரம் போதகரைக் கேட்டேன். "பரிசுத்த ஆவியானவர் நடத்தினார்" என்பார். என் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். இரண்டு பேரும் கள்ளர்கள்.

லோரி லயத்து வாசலில் நின்றது. பந்தலுக்குள் பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. ஆட்டுக்கறி வாசம் சடக்கு வரைக்கும் வந்தது. ஆசீர்வாதம் முடிந்ததுமே ஓடிவந்துவிட்ட அம்மா கரண்டியும் கையுமாக அடுப்பங்கரை ஓரத்தில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. சபையார் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, பந்தலுக்கு வெளியே கூட்டமாக நின்றார்கள். முதலில் காலெடுத்து வைக்க யாரும் துணியவில்லை. எல்லாரும் டிரெஸ்ஸர் அம்மாளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். என்ன வரப் போகிறது என்று எனக்குத் தெரியும், காலமெல்லாம் கேட்ட பேச்சு. அம்மாவுக்கும் தெரியும். கரண்டி கீழே தாழ்ந்தது.

அதற்குள் சிட்டிக் கம்பத்து அம்மாள் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது. வந்தவர்களை வரவேற்கிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். டிரெஸ்ஸர் அம்மாளைப் பார்த்து வாய்நிறையச் சிரித்து, "சுடா மாக்கான்?" என்றாள்.

"பெலும்!" என்றாள் டிரெஸ்ஸர் அம்மாள்.

தமிழில் கேட்டிருந்தால் பழகின பதில் வந்திருக்கும். மலாயில் கேட்டதும் வயிறு பதில் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். சிட்டிக் கம்பத்து அம்மாள் விடுவாளா? சாப்பிடாதவளை வாசலில் நிறுத்துவது அவளுக்குத் தெரியாத பழக்கம். கையைப் பிடித்து இழுத்துப் போய் முதல் இலையில் உட்காரவைத்தாள். போதகரின் மனைவி கைப்பிள்ளையோடு ஓடிவந்து பக்கத்து இலையில் உட்கார்ந்து, "அக்கா, சீக்கிரம் போடுங்க, உயிர் போவுது" என்றாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அந்தப் பத்தில் குலமும் ஒன்று. வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாக மடங்கிப் பாயில் உட்கார்ந்தன. கடைசியில் பார்த்தால் இலை பற்றவில்லை.

அம்மா பரிமாறினாள். சோறு, கறி, இறால் சம்பால், கத்திரிக்காய். ஜெபம் முடிந்ததும் பந்தலில் பேச்சே இல்லை, சாப்பிடும் சத்தம் மட்டும்தான். மாலையும் கழுத்துமாக நின்று நான் டிரெஸ்ஸர் அம்மாளின் கையையே பார்த்தேன். கறி போயிற்று. சம்பால் போயிற்று. கத்திரிக்காயைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்திரிக்காயில உப்பு கம்மி" என்றாள்.

வந்ததே எனக்குக் கோபம்! ஓசிச் சோற்றை உட்கார்ந்து தின்றுவிட்டுக் குறையா சொல்லுகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். கல்யாணப் பெண் என்றுகூடப் பார்த்திருக்கமாட்டேன். அப்போது அம்மாவின் முகம் கண்ணில் பட்டது.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓட, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூடி திறக்காத சட்டிக்கு 'ரொம்ப நல்லா இருந்துச்சு' என்று சொன்ன அதே வாய். கல்யாண வீட்டில் உப்புக் குறை யார் சொல்லுவார்கள்? சம்பந்தி சொல்லுவாள், நாத்தனார் சொல்லுவாள். விருந்துக்கு வந்த அந்நியர் சொல்லமாட்டார்.

"நீங்க ருசி பாக்கலியா?" என்றாள் டிரெஸ்ஸர் அம்மாள்.

"உபவாசம்க்கா."

"கல்யாணத்தன்னைக்கு எதுக்கு உபவாசம்?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கள்லாம் சாப்பிடணும்னுதான்" என்றாள்.

டிரெஸ்ஸர் அம்மாள் பிசைவதை நிறுத்தினாள். இலையையே பார்த்தாள். பிறகு பாயில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினாள். "இப்படி உக்காருங்க" என்றாள். அம்மா கரண்டியைக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தாள். "கரண்டிய உங்க மககிட்ட குடுங்க. நின்னுக்கிட்டுத்தான் இருக்கா."

அம்மா உட்கார்ந்தாள். போடுவதற்கு இலை மிச்சமில்லை. டிரெஸ்ஸர் அம்மாள் தன் இலையை இருவருக்கும் நடுவில் தள்ளி, எச்சில் படாத ஓரமாகப் பார்த்து, நான் தூக்கிவந்த சட்டியிலிருந்து கத்திரிக்காயை எடுத்து வைத்து, "நீங்களே தின்னு பாருங்க" என்றாள்.

அம்மா சோற்றோடு பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

"ஆமாக்கா," என்றாள். "கம்மிதான்."